வலது கையில் கடிகாரம் கட்டிய அரக்கன்

இப்போதெல்லாம் யாரும் படம் பார்ப்பதில்லை, குற்றம் பார்க்கிறார்கள். காசு கொடுத்து உள்ளே போய் உட்கார்ந்து, ராஜா அழுகிற இடத்தில் கூட அழாமல், போன காட்சியில் ராஜாவின் காதில் கடுக்கன் இருந்ததே, இப்போது எங்கே என்று கேட்கிறார்கள். கண்டுபிடித்தவனுக்குப் புதையல் எடுத்த மாதிரி சந்தோஷம். அதை ஊருக்கெல்லாம் போனில் காட்டி, ஆயிரம் பேர் சேர்ந்து சிரிக்கிறார்கள். சொந்த வீட்டில் குழாய் ஒழுகுவது கண்ணில் படாது. பறக்கிற குதிரைக்கு லாடம் அடித்திருக்கிறதா என்பது மட்டும் தெரிந்தாக வேண்டும்.

நான் வண்டிகளுக்கு சீட்டு தைத்துப் பிழைக்கிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முடிந்தது. போனில் வருவது எதையும் நம்புவதில்லை. போனில் வராததையும் சீக்கிரம் நம்புவதில்லை. அப்படிப்பட்ட என்னிடம்தான் என் மகள் ஒரு குற்றம் பார்க்கிற வீடியோவைக் கொண்டுவந்து நீட்டினாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். வேலை நேரத்தில் பாதியில் கிளம்பி நேராகக் கடைக்கு வந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"அப்பா, மிஷினை நிறுத்துங்க. இதைப் பாருங்க."

மாயாஜாலப் படம். மலைச்சரிவில் ஒரு அரக்கர் படை இறங்கி வருகிறது. உடம்பெல்லாம் நீலம், தலையில் கொம்பு, கையில் ஈட்டி. ஒரு பெண் குரல் பேசியது. "மூணாவது வரிசையில ஒரு அண்ணன் வர்றாரு பாருங்க. கொம்பு கழண்டு விழப் பார்க்குது, கையைத் தூக்கித் தாங்கிப் பிடிக்கிறாரு. அந்தக் கையைக் கவனிங்க. சூரியனே இன்னும் பிறக்காத காலத்துக் கதை. அண்ணன் மட்டும் மணி பார்த்து வேலைக்கு வந்திருக்காரு."

படம் அங்கே நின்றது. மணிக்கட்டைச் சுற்றி மஞ்சளாக ஒரு வட்டம் போட்டிருந்தாள். நீலத் தோலின் மேல் ஒரு பழுப்பு வார். வலது கை. கடிகாரத்தின் முகம் உள்பக்கம் திரும்பியிருந்தது.

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

என் மகன் அப்படித்தான் கட்டுவான். மிஷினில் துணியைத் தள்ளும்போது இடது கை பலகையோடு உரசும், அதனால் வலது கை. கண்ணாடி கீறக் கூடாதென்று உள்பக்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் வெளியூரில் வேலை என்று போனான். கொஞ்ச நாள் பேசினான். பிறகு அவன் போன் அணைந்தது, அவ்வளவுதான். போலீசில் படம் கொடுத்தோம். ஆஸ்பத்திரிகளில் கேட்டோம். பிணவறையில் கூட, மகளை வெளியே நிறுத்திவிட்டு, நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

"இந்தப் படம் எப்ப எடுத்தது?" என்று கேட்டேன்.

"போன வருஷம்பா."

போன வருஷம். அப்படியானால் போன வருஷம் அவன் உயிரோடு இருந்திருக்கிறான். கொம்பு வைத்துக்கொண்டு, நீலம் பூசிக்கொண்டு, மலையிலிருந்து இறங்கியிருக்கிறான். எனக்கு அது போதும்.

வீட்டில் என் வீட்டுக்காரியிடம் காட்டியதுதான் தப்போ சரியோ. அவள் படுக்கையை விட்டு எழுந்து பல மாதம் ஆகியிருந்தது. ஊட்டினாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. அன்று போனை மூக்கருகே வைத்துப் பார்த்தாள். "பிள்ளைதான்," என்றாள். எழுந்து உட்கார்ந்தாள். சோறு கேட்டாள். மறுநாள் அவளே அடுப்படிக்குப் போனாள். அன்றிலிருந்து ஒரே கவலை அவளுக்கு. "அந்த நீலச் சாயம் உடம்புக்கு ஆகுமாங்க? அவனுக்குச் சின்ன வயசுலயே தோல் தடிக்குமே." அரக்கனுக்கு என்ன சாயம் பூசினார்கள் என்று நான் யாரிடம் போய்க் கேட்பது.

நானும் அந்த வீடியோவை விடவில்லை. அந்த வட்டம் வரும் இடம் வரை ஓடவிடுவேன். நிறுத்துவேன். மறுபடி முதலிலிருந்து. கொம்பைத் தாங்க அவன் கையைத் தூக்கும்போதெல்லாம் நானும் என் கையைத் தூக்கிப் பார்ப்பேன்.

படக் கம்பெனி இருக்கிற ஊருக்கு மகளும் நானும் போனோம். வாசல் மேசையில் இருந்த பெண் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். படத்தில் கடிகாரம் எதுவும் இல்லை என்றாள். நான் நகரவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து ஒரு அதிகாரி வந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா, முகத்தில் தூக்கம்.

"பெரியவரே, அதை அழிச்சாச்சு. எல்லாரும் கிண்டல் பண்ணினாங்க, சரி பண்ணிட்டோம். இப்ப பாருங்க." தன் போனில் அதே காட்சியைக் காட்டினார். அதே மலை, அதே கொம்பு, அதே கை. மணிக்கட்டு வெறும் நீலமாக இருந்தது. துடைத்த சிலேட்டு மாதிரி.

"வாட்சை அழிச்சீங்க சரி. ஆள் எங்கே?"

"ஆளை எங்களுக்குத் தெரியாது. கூட்டத்துக்கு ஆள் கொடுக்கிறவர்னு ஒருத்தர் இருந்தாரு. அவர் லாரியில ஏத்திட்டு வருவாரு, சாயங்காலம் ஏத்திட்டுப் போவாரு. பேர் ஊர் யார் எழுதி வெச்சாங்க. அவரும் இப்ப தொழிலை விட்டுட்டாரு."

"அந்தப் படையில இருந்த ஒருத்தராவது..."

"ஐயா, படையே பொய். ஐம்பது பேர்தான் வந்தாங்க. கம்ப்யூட்டர்ல அவங்களையே மறுபடி மறுபடி ஒட்டி ஐந்நூறாக்கினோம். நல்லாப் பாருங்க, உங்க ஆள் அஞ்சு இடத்துல இருப்பாரு."

பார்த்தேன். இருந்தான். பாறைக்குப் பின்னால் ஒருவன், ஓரத்தில் ஒருவன், தூசிக்குள் இரண்டு பேர். எல்லாரும் ஒரே மாதிரி கொம்பைத் தாங்கினார்கள். ஒரு பிள்ளையைக் காணோமென்று தேடி வந்தால் ஐந்து பேராக நிற்கிறான், ஒருத்தனையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போக முடியவில்லை. நான் அந்த மேசையின் மேல் தலையை வைத்துவிட்டேன். வெட்கம் எல்லாம் போய்விட்டது. மகள்தான் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"அந்த வீடியோ போட்ட பொம்பளைகிட்டப் போகலாம்," என்றேன். "அழிக்கிறதுக்கு முன்னாடி இருந்த படம் அவகிட்ட இருக்கும். பெருசாக்கிப் பார்த்தா முகம் தெரியும்."

மகள் பையைத் திறந்து மூடினாள். "போகலாம்பா," என்றாள் பிறகு. பஸ்ஸில் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீடியோ போடுகிறவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் கழுகு. நான் ஒல்லியாக, மூக்கு வளைந்து ஒருத்தி இருப்பாள் என்று நினைத்திருந்தேன். கதவைத் திறந்தவள் குண்டாக, சோடாபுட்டிக் கண்ணாடியோடு, முட்டி வலியில் ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறவளாக இருந்தாள். பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலையாம். லீவு நாளில் படங்களில் தப்பு தேடுவாளாம்.

"வாங்கய்யா, உட்காருங்க. துணியெல்லாம் அந்தப் பக்கம் தள்ளிட்டு உட்காருங்க. நீதான் போன்ல பேசினவளா கண்ணு? தண்ணி குடிங்க முதல்ல."

"தண்ணி இருக்கட்டும். படத்தை எடும்மா."

சுவரில் பெரிய டிவி. அதில் படையை ஓடவிட்டு, அவனை நிறுத்தி, பெருசாக்கினாள். பெருசாக்க ஆக்க முகம் கரைந்தது. மூக்கு இருந்த இடத்தில் நீலக் கட்டங்கள். கண் இருந்த இடத்தில் கறுப்புக் கட்டங்கள். முகத்துக்குக் கிட்டே போகப் போக முகம் இல்லாமல் போகிறது. இது என்ன கணக்கோ.

"இதுக்கு மேல வராதுய்யா."

"கையைக் காட்டு."

காட்டினாள். வார் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலது கை ஏன், உள்பக்கம் ஏன், மிஷின், பலகை, வீட்டுக்காரி எழுந்து அடுப்படிக்குப் போனது, எல்லாம். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். என் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"அய்யா, என் வீடியோவை முழுசாப் பார்த்தீங்களா?"

"வாட்ச் வரைக்கும் பார்த்தேன்."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் எனக்கு என்ன வேலை."

அவள் டிவியில் படத்தைப் பழையபடி சின்னதாக்கி, முழுப் படையையும் காட்டினாள். "எல்லாரும் ஈட்டியை எந்தக் கையில வெச்சிருக்காங்க, சொல்லுங்க."

பார்த்தேன். இடது கை. முதல் வரிசை, இரண்டாம் வரிசை, குதிரை மேல் இருந்த தளபதி, எல்லாரும் இடது கை.

"தளபதிக்குக் கன்னத்துல வெட்டுத் தழும்பு இருக்கு பாருங்க. இங்க வலது பக்கம். முன்னாடி காட்சி, பின்னாடி காட்சி, படம் முழுக்க இடது பக்கம்." அவற்றையும் ஓட்டிக் காட்டினாள். "படையை வலப்பக்கத்துலேர்ந்து வர்ற மாதிரி எடுத்துட்டாங்க. முந்தின காட்சியில இடப்பக்கத்துலேர்ந்து வருது. ஒட்டலை. மறுபடி எடுக்கச் செலவாகும்னு, படத்தை அப்படியே திருப்பிப் போட்டுட்டாங்க, கண்ணாடியில பார்க்கிற மாதிரி. வீடியோவுல நான் சொன்ன ரெண்டாவது தப்பு அதுதான்யா."

"அதனால?"

அவள் ஒரு பொத்தானை அமுக்கினாள். படை முழுவதும் ஒரே நொடியில் திரும்பிக்கொண்டது. ஈட்டிகள் வலது கைக்குப் போயின. தளபதியின் தழும்பு இடது கன்னத்துக்குப் போனது. மூன்றாவது வரிசைக்காரன் கொம்பைத் தாங்கினான். இடது கையால். கடிகாரம் இடது கையில் இருந்தது, உலகத்தில் எல்லாரும் கட்டுகிற கையில்.

நான் எழுந்து டிவிக்குக் கிட்டே போய் அந்தக் கையைப் பார்த்தேன்.

"உள்பக்கம் கட்டியிருக்கானே," என்றேன்.

"ஆமாய்யா. அது அப்படியேதான் இருக்கு. ஆனா அப்படி நிறையப் பேர் கட்டுவாங்க. எங்க டாக்டர் கூடக் கட்டுவாரு."

"உங்க டாக்டர் அரக்கனா நடிச்சாரா?"

அவள் சிரிக்கவில்லை. "நான் வயித்துக்குச் செய்யற வேலை இல்லைய்யா இது. சும்மா சிரிக்கத்தான் செய்யறேன். இதைப் பார்த்து ஒரு வீட்டுல அடுப்பு எரியுதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த வட்டத்தையே போட்டிருக்க மாட்டேன்."

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. திரும்பி மகளைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கு ராத்திரியே முழுசாப் பார்த்துட்டேன்பா. சொல்லலாம்னு காலையில எழுந்தேன். அம்மா அடுப்படியில நின்னுட்டிருந்தா. எத்தனை நாளைக்கப்புறம் எழுந்து நிக்கிறா. என்னால வாயைத் திறக்க முடியல. இவங்க சொன்னா நீங்க கேப்பீங்கன்னு நினைச்சேன்."

"இவங்க சொன்னா நான் ஏன் கேக்கணும்?"

"அப்பா..."

"ஒரு பொத்தானை அமுக்கினா வலது இடது ஆகுது. இன்னொரு தடவை அமுக்கினா மறுபடி வலது ஆகுது. எது நிஜம்னு இந்தப் பொட்டியா சொல்லணும்?"

கழுகு மெதுவாகச் சொன்னாள். "தழும்பு இருக்கேய்யா. தழும்பு பொய் சொல்லாது."

"அந்தத் தழும்பே பசையில ஒட்டினதும்மா."

எனக்கும் அது பதில் இல்லை என்று தெரியும். ஆனால் அந்தக் கம்பெனிக்காரர்கள் ஐம்பது பேரை ஐந்நூறு என்றார்கள். இருந்த கடிகாரத்தை இல்லை என்றார்கள். இவ்வளவையும் புரட்டியவர்கள் இந்த ஒரு இடத்தில் மட்டும் ஒழுங்காக எல்லாரையும் திருப்பினார்கள் என்று என்னை நம்பச் சொல்கிறார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு ஆளை வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்க மாட்டார்களா. அவனை மட்டும் திருப்ப மறந்திருக்க மாட்டார்களா. அவர்கள் மறப்பதைக் கண்டுபிடிப்பதுதானே இவளுக்கே வேலை.

"லாரியில ஆள் ஏத்தினவன் எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுய்யா."

"படம் எங்க எடுத்தாங்க?"

ஒரு ஊர் பெயர் சொன்னாள். வடக்கே, நெடுந்தூரம். கல்குவாரி இருக்கிற ஊராம். நான் செருப்பை மாட்டினேன். படத்தைப் பழையபடி, கடிகாரம் வலது கையில் தெரிகிற மாதிரியே, மகளின் போனுக்கு அனுப்பச் சொன்னேன். கழுகு அனுப்பினாள். சரியாகத் திருப்பியதையும் சேர்த்து அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மகள் படிக்கட்டில் பின்னாலேயே வந்தாள். "அப்பா, அங்க போய் யாரைக் கேப்பீங்க? நீலம் பூசின ஆளை எவனுக்கு அடையாளம் தெரியும்? கொஞ்சம் யோசிங்கப்பா. அம்மாவுக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம். மெதுவா."

"நீ சொல்லிக்கோ. நான் சொல்ல மாட்டேன்."

"நிஜமாவே அது அண்ணன்தான்னு நினைக்கிறீங்களா?"

அதற்கு நான் என்ன சொல்ல. ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று சொன்னால் அன்றைக்கு வீட்டில் உலை வைக்கப் போவதில்லை.

"அவன் இல்லைன்னு யார் பார்த்தாங்க?" என்றேன்.

தெருவில் வெயில் கண்ணைக் குத்தியது. எதிரே எங்கள் ஊர் பஸ் நின்றுகொண்டிருந்தது. மகள் அதில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். கண்டக்டர், வர்றீங்களா இல்லையா பெரியவரே என்றார். நான் நிற்கவில்லை. வடக்கே போகிற பஸ் எங்கே நிற்கும் என்று ஒரு பூட்டு விற்கிறவரிடம் கேட்டேன். அவர் கை காட்டினார். அது சரியான பக்கம்தானா என்று இன்னொருவரிடமும் கேட்டுக்கொண்டு நடந்தேன்.