இருபத்திரண்டில் நின்ற கேமரா

கேமராக் குழுவில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘சந்தேகம்’. முந்நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு அது. மற்றவர்கள் படம் போடுவார்கள், நான் கேள்வி போடுவேன். பத்து வருடமாக ஜன்னலோரத்தில் கரண்டியையும் கண்ணாடி டம்ளரையும் வைத்துப் படம் எடுக்கிற ஆள் நான். அதைப் போட்டால் யார் பார்ப்பார்கள்? வேலையும் அந்தப் பெயருக்குத் தோதான வேலைதான். மருந்துக் கிடங்கில் பெட்டி பெட்டியாகக் காலாவதித் தேதி சரிபார்ப்பது. நாளெல்லாம் எதையும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் வீட்டுக்கு வந்து மட்டும் நம்பிவிடுவானா?

அண்ணன் போன பிறகு என் கேள்விகள் இரண்டு மடங்காயின. அவருடைய காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அண்ணி அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டார். அப்பா காலத்திலிருந்து சேர்ந்த ஆல்பம் நான்கு. ஆல்பத்தில் ஏறாத படங்கள் அடைத்த பிஸ்கட் டப்பா ஒன்று. பிறகு அண்ணனின் பயணப் பை, மடக்கு முக்காலி, மழை உறை, ஃபிலிம் கேமரா. காரின் பின் இருக்கையில் வைத்து, பைக்கு சீட் பெல்ட்டும் போட்டு ஓட்டிவந்தேன். வழியில் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். சிக்னலில் நின்றபோது முக்காலியின் எடை ஒன்றரை கிலோ இருக்குமா, இரண்டு இருக்குமா என்று யோசனை ஓடியதே தவிர, அழுகை வரவில்லை.

ஆஸ்பத்திரியிலும் வரவில்லை. அங்கே நான் டிரிப்ஸ் பாட்டிலின் தேதியைப் படித்துக்கொண்டிருந்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் எப்படி இருக்கும்? கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலிக்காது. எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. என் மனைவி முதலில் பயந்தாள், பிறகு கோபித்துக்கொண்டாள், அப்புறம் பழகிவிட்டாள்.

குழுவில் நான் கேட்ட கேள்விகளில் சில இவை. ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்ட படத்தைக் கிழியாமல் எடுப்பது எப்படி? குழுவில் இருக்கும் பல் டாக்டர், பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுத்துக்கொண்டே போகச் சொன்னார். வேலை செய்தது. படத்துக்குப் பின்னால் பேனாவால் எழுதலாமா? கூடாது, பென்சில்தான். ஒரே கல்யாணப் படம் ஒன்பது பிரதி இருந்தால் எட்டைத் தூக்கிப்போடலாமா? இதற்கு மட்டும் குழு இரண்டாகப் பிளந்து மூன்று நாள் அடித்துக்கொண்டது. பயணப் பையின் வார் தோளை அறுத்தால் என்ன செய்வது, லென்ஸுக்குள் பூஞ்சை வந்தால் பக்கத்து லென்ஸுக்குத் தொற்றுமா, மழை உறையில் நாற்றம் வந்தால் வெயிலில் காயவைக்கலாமா என்று நான் விடாமல் கேட்டேன். எந்த ஊருக்குப் பயணம் என்று ஒருவர் கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன்.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி கேமராவுக்குள் இருந்தது. அதன் தலையில் இருக்கும் சின்னக் கண்ணாடியில் எண் இருபத்திரண்டில் நின்றிருந்தது. முப்பத்தாறு படம் எடுக்கக்கூடிய ரோல். அண்ணன் கடைசியாக எடுத்தது.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு கீமோ சிகிச்சைக்கு நடுவில் டாக்டர் பத்து நாள் ஓய்வு கொடுத்தபோது, அண்ணன் ஓய்வெடுக்காமல் கடலைப் பார்க்கக் கிளம்பினார். கூட அவருடைய பழைய ஆபீஸ் நண்பர். நான்கு நாள் பயணம். கிளம்புவதற்கு முந்தின மாலை நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மருந்தின் வேகத்தில் அவருக்கு விரல் நுனியில் உணர்ச்சி இல்லாமல் போயிருந்தது, சட்டைப் பொத்தானைக்கூட அண்ணிதான் போட்டுவிடுவார். ஃபிலிமை என்னிடம் நீட்டி, மாட்டித் தரச் சொன்னார். நான் ஃபிலிம் தொட்டு இருபது வருடம் ஆகிறது. அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். காலம் முழுக்கத் தம்பியாகவே இருந்தவனிடம் அண்ணன் முதல் முறையாக ஒரு வேலை கேட்கிறார், எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஃபிலிமின் நாக்கை இழுத்து, சுருளும் உருளையில் செருகி, மூடினேன்.

“பல்லு மாட்டிச்சா, பாத்தியா?” என்று கேட்டார்.

“மாட்டிச்சுண்ணா” என்றேன்.

மறுநாள் காலை, கிளம்புவதற்கு முன் அண்ணன் முக்காலியை மாடிப்படித் திருப்பத்தில் நிறுத்தி, பத்து விநாடியில் தானாகப் படம் எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிவந்து அண்ணியின் பக்கத்தில் நின்றாராம். இதை அண்ணிதான் சொன்னார். அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம், பிள்ளைகள் இல்லை. அத்தனை ஆல்பத்தையும் புரட்டிப் பாருங்கள், அண்ணி இருப்பார், மலை இருக்கும், பாலம் இருக்கும், யாரோ ஒருவருடைய நாய்கூட இருக்கும். அண்ணன் இருக்க மாட்டார். கேமராவுக்குப் பின்னாலேயே வாழ்ந்த மனுஷன். கல்யாணப் படத்தை விட்டால் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கும் படம் அது ஒன்றுதான்.

பொருட்களை என்னிடம் கொடுத்த அன்று அண்ணி கேட்டதும் அதை மட்டும்தான். “மத்ததை நீ என்ன வேணா பண்ணிக்க தம்பி. எனக்கு அந்த ஒண்ணு போதும். அன்னிக்குத்தான் அவரா வந்து தோள்ல கை போட்டார்.”

பயணத்திலிருந்து திரும்பிய வாரமே அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். முப்பத்தாறும் முடியாமல் ரோலைக் கழற்ற அவருக்கு மனசில்லை. வந்து முடித்துக்கொள்கிறேன் என்றார். வரவில்லை.

ஒரு வாரத்தில் முடிக்க வேண்டிய வேலையை நான் ஏழு மாதம் இழுத்தேன். எங்கள் பக்கம் ஃபிலிம் கழுவும் லேப் எல்லாம் மூடியாகிவிட்டது. விமானத்தில் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும் ஊரில் ஒன்று மிச்சம். கூரியரில் அனுப்பலாமா? தொலைந்தால்? ரோலைச் சுற்றி வெளியே எடுத்து அனுப்புவதா, கேமராவோடு கொண்டுபோவதா? விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் மெஷினின் கதிர் பட்டால் ஃபிலிம் வெளுத்துவிடும் என்று ஒருவர் சொன்னார். ஒரு தடவை பட்டால் ஒன்றும் ஆகாது என்று இன்னொருவர் சொன்னார். புது மெஷின் என்றால் ஒரே தடவையில் போச்சு என்றார் பல் டாக்டர். ஒவ்வொரு பதிலையும் அண்ணியிடம் போனில் ஒப்பித்தேன். முதலில் வாரம் ஒரு முறை படம் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தவர், பிறகு மாதம் ஒரு முறை கேட்டார். அப்புறம் படத்தை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று என்னை விசாரிக்க ஆரம்பித்தார். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

ஏன் இழுத்தேன் என்று இப்போது தெரிகிறது. கழுவிவிட்டால் அண்ணனிடமிருந்து எனக்கு வர வேண்டியது எதுவும் மிச்சம் இருக்காது. அது வரைக்கும் அவர் இன்னும் இருபத்திரண்டு விஷயம் சொல்ல இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் என் மனைவிதான் டிக்கெட் எடுத்தாள். “நீங்க கேள்வி கேட்டே அந்த ஃபிலிமுக்கு வயசாக்கிடுவீங்க. போய்ட்டு வாங்க” என்றாள்.

அண்ணனின் பயணப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். என்னை விட அவர் அரை அடி உயரம், வாரை எவ்வளவு சுருக்கியும் பை இடுப்புக்குக் கீழே தட்டிக்கொண்டே வந்தது. விமான நிலையத்தில் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு, மெஷினில் போடாமல் கையால் சோதிக்க முடியுமா என்று கேட்டேன். இதற்காக நான்கு விதமான வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே அந்தப் பெண் அதிகாரி தலையாட்டி, ஒரு துணிப்பட்டையால் கேமராவைத் துடைத்துப் பார்த்து, ஒரு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கேமரா மெஷின் பக்கமே போகவில்லை. குழுவில் செய்தி போட்டேன். முந்நூறு பேரில் நாற்பது பேர் கைதட்டினார்கள்.

லேப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஓர் அறை, நீல ஏப்ரன் போட்ட ஓர் அம்மாள், சுவரோரம் மருந்துக் கேன்கள். கேன்களின் மேல் எழுதியிருந்த தேதிகளை என் கண் தானாகப் படித்தது. எல்லாம் சரியாக இருந்தது. ரோலை நானே சுற்றி வெளியே எடுக்கப் பயமாக இருந்ததால் கேமராவோடு கொண்டுவந்திருக்கிறேன் என்று சொன்னேன். அதில் தப்பில்லை என்று சொன்ன அந்த அம்மாள், வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கேமராவை வைத்து ஜிப்பை மூடி, இரண்டு பக்கமும் சட்டைக் கைபோல இருக்கும் திறப்புகள் வழியாகத் தன் கைகளை விட்டார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்தார். கேமராவின் முதுகு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் பார்வை என்னை விட்டு மேசைக்குப் போனது.

“இதை மாட்டினது யாருங்க?” என்று கேட்டார்.

நான்தான் என்றேன். அவர் ஜிப்பைத் திறந்துவிட்டார். வெளிச்சம் பட்டுவிடுமே என்று பதறிப்போய்க் கையை நீட்டினேன். பட்டால் ஒன்றும் கெடாது என்று சொல்லி, திறந்த கேமராவை என் முன்னால் வைத்தார். ஃபிலிமின் நாக்கு விரல் நீளத்துக்கு வெளியே வந்து, எதிலும் மாட்டாமல், சும்மா கிடந்தது. நான் செருகிவிட்டு வந்த உருளை காலியாக இருந்தது.

அவர் பொறுமையாக விளக்கினார். ஃபிலிம் ஓரத்து ஓட்டைகளில் பல் பிடித்தால்தான் ஃபிலிம் நகரும். பிடிக்காவிட்டால் லிவரை இழுக்கலாம், பட்டனை அழுத்தலாம், எண்ணும் ஏறிக்கொண்டே போகும். ஃபிலிம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். லிவரை இழுக்கும்போது இந்தப் பக்கத்துக் குமிழ் சுற்றுகிறதா என்று பார்த்தால் அப்போதே தெரிந்துவிடும் என்றார். பழகியவர்களுக்கு விரலிலேயே தெரியுமாம். அண்ணனுக்கு அந்த விரல் இல்லை. அதற்காகத்தான் என்னிடம் கொடுத்தார்.

எதற்கும் கழுவிப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். இது புது ஃபிலிம், இதில் கழுவ எதுவும் இல்லை என்றார். கதிர் பட்டிருந்தால்கூட இப்படி இருக்காது, ஒரு படமும் விழவே இல்லை என்றார். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

வெளியே வந்து ஜெராக்ஸ் கடைப் படியோரம் நின்று அண்ணிக்குப் போன் செய்தேன். உடனே எடுத்தார். அண்ணி என்று நான் கூப்பிட்ட விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

“மெஷின்ல போட்டுட்டாங்களா தம்பி?”

ஏழு மாதமாக அந்த மெஷினைப் பற்றி அவர் காதில் ஓதியவன் நான். பதிலை அவரே எடுத்துக் கையில் கொடுக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முகம் தெரியாத ஓர் அதிகாரியை இரண்டு பேரும் சேர்ந்து திட்டிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். நான் ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“இல்ல அண்ணி” என்றேன். “மெஷின்ல போகல. படமே விழல. அன்னிக்கு ஃபிலிம் மாட்டினது நான்தான். சரியா மாட்டல. அண்ணன் கேட்டார், பாத்தியான்னு. நான் பாக்காமலே மாட்டிச்சுன்னு சொல்லிட்டேன்.”

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதை மூடிவிட்டு வந்தார்.

“ஒண்ணுமே இல்லையா?”

“ஒண்ணுமே இல்ல.”

“அது அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது அண்ணி. நம்பர் அதுபாட்டுக்கு ஏறும். சத்தமும் வரும். எல்லாம் எடுத்துட்டோம்னுதான் நினைச்சிருப்பார்.”

அண்ணியின் குரல் ரொம்ப நிதானமாக வந்தது. “அவர் வரைக்கும் அது போதும். எனக்குப் போதல தம்பி.”

பையைத் தோளிலிருந்து இறக்கிப் படியில் வைத்தேன்.

“கொஞ்ச நாளைக்கு இங்க வராதே. நானே கூப்பிடுறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

காலுக்குக் கீழே படி இருக்கிறதா என்று பார்த்து உட்கார்ந்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். எட்டு மாதம் கழித்து, யாருக்கும் என்னைத் தெரியாத அந்தத் தெருவில், அண்ணன் செத்துப்போனது எனக்கு உறைத்தது. வலி என்றால் அப்படி ஒரு வலி. நான் பார்க்கவே இல்லைண்ணா, பார்க்கவே இல்லை என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.