கதவுல பேரு இல்லாத கம்ப்யூட்டர்

எல்லாரும் சௌக்கியமா? முட்டி வலி, இருமல் ஒண்ணும் இல்லையே? இங்க பின்லாந்துல, எங்க ஔலு ஊர்ல பனி கொட்ட ஆரம்பிச்சாச்சு. பாத்ததும் பிர்யோ ஞாபகம் வந்துடுச்சு, அவ கதையைச் சொல்றேன்.

இருபது வருஷம் முந்தி இந்த ஊரு யுனிவர்சிட்டி மெயில் சர்வர் பிர்யோ கையிலதான். அப்பல்லாம் குப்பை மெயிலா கொட்டும். அதனால தெரியாத கம்ப்யூட்டர் மெயிலோட வந்தா, அவ சர்வர் "அப்புறம் வா"ன்னுடும். ஒழுங்கானவன் திரும்ப வருவான், குப்பைக்காரன் வரமாட்டான். நம்பிக்கையானவங்க பேரை மட்டும் பட்டியல் போட்டு உடனே உள்ள விடுவா. ஆனா வர்ற கம்ப்யூட்டரோட நம்பர் மட்டும்தானே சர்வருக்குத் தெரியும்? இது யாரோட நம்பர்னு, நம்பர் குடுத்த கம்பெனியோட பதிவுல சர்வர் விசாரிக்கும். ஒரு பேரு கிடைச்சு, அந்தப் பேருக்கு என்ன நம்பர்னு திருப்பிக் கேட்டாலும் அதே நம்பர் வந்து, பேரு பட்டியல்லயும் இருந்தா, சரி, உள்ள வா.

லைப்ரரியில இருந்த எய்லா அவளோட காபி சிநேகிதி. இன்னும் வடக்கே, லாப்லாந்துல ஒரு ஆராய்ச்சி நிலையத்துல வேலை கேட்டிருந்தா. வெள்ளிக்கிழமை மெயில் வரும், அன்னிக்கே சம்மதம் சொல்லணும், இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்னு பேச்சு. வெள்ளி மத்தியானமும் ஆச்சு, மெயிலைக் காணோம்.

"உன் சர்வர் முழுங்கிடுச்சுடி!"

"உன்னை மாதிரி கண்டதையும் முழுங்காது அது. இரு, பாக்குறேன்."

பாத்தா, நிலையத்து கம்ப்யூட்டர் ஒரு தடவை வந்திருக்கு, "அப்புறம் வா"ன்னதும் கோவிச்சுக்கிட்டு போனதுதான், திரும்ப வரவே இல்ல. நிலையத்து பேரு பட்டியல்ல இருக்கு. ஆனா வந்த நம்பருக்குப் பேரே இல்ல!

"அந்த நம்பரையே பட்டியல்ல போட்டுடேன்டி."

"மாட்டேன். நம்ம ஆபீஸ் ராய்மோ அப்படித்தான் ஒரு நம்பரைப் போட்டான். அது வேற யார் கைக்கோ மாறி, யுனிவர்சிட்டி தலைவரு, நம்ம ரெக்டருக்கு முடி வளர்ற தைல விளம்பரமா வந்துச்சு. அவருக்கு வேற வழுக்கை!"

நிலையத்துக்கே போன் போட்டா. இல்மாரின்னு ஒருத்தர் எடுத்தாரு.

"மெஷினை மாத்தினீங்களா?"

"ம்."

"நம்பரும் புதுசா?"

"ம்."

"வீடு மாறினா கதவுல பேரு ஒட்டமாட்டீங்களா?"

அவரு மெதுவா, "நம்பர் குடுத்த கம்பெனிக்குப் போன் பண்ணி, பேரைப் பதியச் சொல்லணும். பேசணுமேன்னு தள்ளிப்போட்டேன்"னாரு.

பிர்யோவால திட்ட முடியல. அவளும் போனைப் பாத்தா ஒளியிற ஜாதிதான். "இன்னிக்கு மட்டும் பேசிடுங்க, ஒரு பொண்ணோட வேலை"ன்னா.

கொஞ்ச நேரத்துல, "பேசிட்டேன்"னு அவரே கூப்பிட்டு சொன்னாரு. இனி சர்வர் ஞாபகம் வச்சிருந்த 'பேரு இல்ல'ங்கற பழைய பதிலை அழிச்சா போதும். அப்பத்தான் பிர்யோவுக்கு உறைச்சுது: மெயில் வந்தா எய்லா போயிடுவா. விரல் அப்படியே நின்னுச்சு. எய்லா பக்கத்துல நகத்தைக் கடிச்சிக்கிட்டு நிக்கிறா. பிர்யோ அதை அழிச்சிட்டு, இல்மாரியை மெயிலைத் திரும்ப அனுப்பச் சொன்னா.

வந்துடுச்சு. எய்லா கட்டிப்பிடிச்சா பாருங்க, அத்தனை வருஷ சிநேகிதத்துல அதான் முதல் தடவை.

தை பொறக்கறதுக்குள்ள எய்லா கிளம்பிட்டா. காபி நேரத்துல பிர்யோ தனியா உக்காந்து ஏலக்கா பன்னைப் பிச்சிக்கிட்டிருக்கையில வடக்கேருந்து மெயில் வந்துச்சு, ஒரு நிமிஷம்கூட வாசல்ல நிக்காம: "இங்க காபி கேவலம். நீ இல்லாம இன்னும் கேவலம்."

நீங்களும் இப்படி யாரையாவது உங்க கையாலயே வழியனுப்பி வச்சிருப்பீங்களே? எழுதுங்க கண்ணுங்களா, படிக்கக் காத்திருக்கேன்.