கட்டிலுக்கு மேலே தேவதாரு

மழை ஒழுகி மச்சுப் பலகை உப்பிப்போனதால்தான் தையல்காரி தச்சரைக் கூப்பிட்டாள். அப்பா தன் கையாலேயே கட்டிய வீடு. அவர் போனபின் அவளும் அத்தையும் மட்டும்தான்.

தச்சர் ஏணியில் ஏறி, உளியால் அங்கங்கே சுரண்டி மோந்து பார்த்தார்.

"எல்லாம் பைன்க்கா. கணுவும் பிசின் கோடுமா இருக்கு பாருங்க. கனம் இல்லாத மரம், மச்சுக்கு இதைத்தான் போடுவாங்க."

அவள் கட்டிலுக்கு நேர் மேலே வந்ததும் அவர் கை நின்றது.

"இந்த நாலு மட்டும் தேவதாரு. இன்னும் வாசனை போகலை. எண்ணெய்ப் பசை உள்ள மரம், செல் அரிக்காது, ஈரத்துக்கு இத்துப்போகாது. ஜன்னல் சட்டத்துக்கு வாங்குவாங்க, இல்லேன்னா மண்ணுக்குள்ள போற வேலைக்கு. மச்சுல யாராவது அடிப்பாங்களா? அதுவும் இவ்வளவு குட்டையா, ஒரு முனை குறுகலா அறுத்து?"

கதவருகே நின்றிருந்த அத்தை காதில் விழாதவள் மாதிரி நழுவினாள். தையல்காரி விடாமல் சமையலறை வரைக்கும் பின்னாலேயே போனாள்.

"என்ன அத்தை, மூஞ்சியே செத்துப்போச்சு?"

அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உனக்கு ரெண்டு வயசு. காய்ச்சல். டாக்டர் கையை விரிச்சிட்டார். உங்கப்பன் நேரே மரக்கடைக்குப் போனான். மரம் வாங்கிட்டு வந்து உனக்குச் சவப்பெட்டி செய்ய உட்கார்ந்துட்டான். நான்தான் உன்னை அளந்து சொன்னேன்."

"அப்புறம்?"

"அறுத்து முடிச்சான், ஆணி அடிக்கலை. அதுக்குள்ள நீ கண்ணைத் திறந்து தண்ணி கேட்டே. அதை எரிக்க அவனுக்கு மனசு வரலை. அடுத்தவங்களுக்குக் கொடுக்கவும் பயம்."

தையல்காரி திரும்பி வந்து, "அதைக் கழட்டிடுங்க" என்றாள்.

கீழே இறக்கிய பலகைகளைத் தொட்டுப் பார்த்தாள். கோடு பிசகாமல் அறுக்கிற அப்பா, ஒவ்வொன்றையும் கோணலாக அறுத்திருந்தார். தச்சர் அவற்றை வண்டியில் போட்டுக்கொண்டு போனார். புதுப் பைன் பலகை ஏறியது.

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பயமென்று சொல்ல முடியாது. இத்தனை வருஷமும் தனக்குப் பதிலாக மேலே ஒரு குழந்தை படுத்திருந்ததாகவும், அதைத் தானே வெளியே துரத்திவிட்டதாகவும் தோன்றிக்கொண்டே இருந்தது. தைக்கும்போது மிஷினை நிறுத்தி நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டாள். கடைசியில் தாங்க மாட்டாமல் தச்சரின் பட்டறைக்கே போய்விட்டாள்.

"அந்தப் பலகையெல்லாம் இருக்கா?"

"அடடா, ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெச்சிட்டேனேக்கா. நல்ல மரம், வீணாக்குவானேன்? இந்தப் பக்கம்தான், எந்த வீடுன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் நிமிரவே இல்லை. தெருவின் இருபக்கமும் ஜன்னல்கள் திறந்தே இருந்தன.