இரண்டு சாரம், ஒரு துண்டு

வலது கண்ணுக்குத்தான் கட்டு, வாய்க்கில்லை என்று தையல்காரியை வீட்டில் கேலி செய்வார்கள். அன்று நீதிமன்ற வராந்தாவிலும் அவள் நாத்தனாரை நச்சரித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார்தான் அவளுக்கு வக்கீல்.

"யார் தள்ளினதுன்னே தெரியாம எப்படிடி ஜெயிக்கிறது?"

"அண்ணி, நீங்களே தீர்ப்பு எழுதிட்டா ஜட்ஜுக்கு என்ன வேலை?"

தையல்கடைக்கு மேல் மாடியில் பழைய பூச்சைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். சுவரின் ஒரு மூலையில் ஒரு கான்ட்ராக்டரின் சாரம், மறு மூலையில் இன்னொருவருடையது. சாரத்துக்கு ஒரு மேஸ்திரி. வலை கட்டவில்லை. காரையைத் தள்ளும் முன் "கீழே" என்று ஒருவர் குரல் கொடுப்பார், தெருவில் போகிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். இதுதான் அவர்கள் வழக்கம்.

அன்று குரலே வரவில்லை. கடையைத் திறந்துகொண்டிருந்தவள், தலையில் தூசி விழுகிறதே என்று நிமிர்ந்தாள். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் காரை சரிந்தது. ஒரு துண்டு கண்ணில் பட்டது. சுவரும் ஒன்று, பூச்சும் ஒன்று. அது யார் தள்ளியது என்று யாருக்குச் சொல்லத் தெரியும்?

கருவிழியை மாற்றினால் பார்வை திரும்பும் என்றார் டாக்டர். அந்தச் செலவு தையல் கூலிக்குள் அடங்காது. வழக்கு தோற்றால் அந்தக் கண் அவ்வளவுதான்.

உள்ளே இரண்டு கான்ட்ராக்டர்களின் வக்கீல்களும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "எங்க பக்கத்துத் துண்டுன்னு அந்தம்மா நிரூபிக்கட்டும்." இவரைக் கேட்டால் அவர், அவரைக் கேட்டால் இவர்.

நாத்தனார் முதல் மேஸ்திரியைக் கூண்டில் ஏற்றினாள். "குரல் கொடுத்தீங்களா?"

"எப்பவும் அவர்தாங்க கொடுப்பாரு. அவருக்குத்தான் பெரிய தொண்டை."

அடுத்தவர் தலையைச் சொறிந்தார். "அன்னைக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. ஒரு நாளாவது அவர் கத்தட்டுமேன்னு இருந்துட்டேன்."

சபை சிரித்தது. நாத்தனார் சிரிக்கவில்லை. "ஐயா, ரெண்டு பேருமே எச்சரிக்கலை. எந்தத் துண்டுன்னு தெரியாமப் போனது எங்க அண்ணி... என் கட்சிக்காரர் தப்பில்லை. அடிபட்ட கண்ணையே சாட்சி சொல்லச் சொல்றாங்க."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கவனக்குறைவு ரெண்டு பக்கமும் இருக்கு. யாருன்னு அவங்க காட்ட வேண்டாம். எங்க துண்டு இல்லைன்னு காட்ட முடிஞ்சவங்க விலகிக்கலாம்."

வக்கீல்கள் காகிதத்தைப் புரட்டினார்கள், கட்சிக்காரர்களின் காதைக் கடித்தார்கள். ஒருவராலும் காட்ட முடியவில்லை. சிகிச்சைக்கு இரண்டு கான்ட்ராக்டர்களும் சேர்ந்தே பொறுப்பு, ஆபரேஷன் செலவை முதலில் கட்டிவிட வேண்டும் என்று தீர்ப்பானது.

வெளியே தொண்டைக்கார மேஸ்திரி தயங்கித் தயங்கி வந்தார். "அக்கா, என் துண்டா இருக்குமோன்னு தூக்கமே வரலை."

"என்னுதாவும் இருக்கலாம்," என்றார் பின்னாலேயே வந்த மற்றவர்.

தையல்காரி இருவரையும் ஒற்றைக் கண்ணால் அளந்தாள். "இதுக்கும் போட்டியா? போய் முதல்ல வலையைக் கட்டுங்கப்பா."

அவர்கள் தலையாட்டிவிட்டு ஒன்றாகவே போனார்கள்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போலாம் அண்ணி," என்றாள் நாத்தனார்.

"சோறு எங்கேயும் ஓடிடாது. ஆஸ்பத்திரியில நாள் குறிச்சுட்டு வந்து சாப்பிடலாம், நட."