பாட்டுக்கு முந்திய பத்து விநாடி

நான் பயந்தாங்கொள்ளி. செங்கம் சாலையில் தனியாளாக ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறவள் இதைச் சொல்லக் கூடாதுதான். இரண்டாயிரத்து நான்கில் ஒரு புதன்கிழமை, கீழ்பென்னாத்தூர் சகாதேவன் வந்தார். முப்பதைத் தாண்டிய ஆள், வெள்ளை வேட்டி, மரியாதையான பேச்சு. அக்கா மகள் கீர்த்தனாவை மோட்டார் சைக்கிளில் கூட்டி வந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை வீட்ல விசேஷங்க. இவ பாடறத மைக்செட்ல போடணும். சிடி பண்ணிக் குடுத்துடுங்க."

ஒன்பதாவது படிக்கிற பெண். மஞ்சள் நீராட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் அவளை நிறுத்தினேன். நான் பதிவுப் பொத்தானை அழுத்துவதற்குள் பாட ஆரம்பித்துவிடுவாள். இரண்டு தடவையும் முதல் அடி போயிற்று. இவளைத் திருத்துவதைவிடக் கம்ப்யூட்டரைத் திருத்துவது சுலபம் என்று மென்பொருளின் செட்டிங்கைத் திறந்தேன். பொத்தானை அழுத்துவதற்கு முந்திய சத்தத்தையும் சேர்த்துப் பிடித்துவைக்கும் வசதி அதில் உண்டு. பூஜ்யம் என்றிருந்ததைப் பத்து விநாடி என்று மாற்றினேன்.

ஹெட்போன் என் கழுத்தில் கிடந்தது. சிடி எத்தனை வருஷம் தாங்கும் என்று சகாதேவன் கேட்க, அவர் பக்கம் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் உதடு அசைவதைப் பார்த்ததும் அவசரமாக அழுத்தினேன். நன்றாகவே பாடினாள்.

முடிந்ததும் ஹெட்போனை மாட்டி முதலிலிருந்து ஓட்டினேன். பாட்டுக்கு முன்னால் ஒரு கிசுகிசுப்பு.

"அக்கா, வெள்ளிக்கிழம எனக்கும் மாமாவுக்கும் கல்யாணம். வேணாம்னா அடிக்கிறாங்க. யார்கிட்டயாவது சொல்லுங்கக்கா."

அந்த மாமா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கறேன்" என்றவர், திரையில் சத்தம் மேடாகத் தெரிந்த இடத்தில் விரலை வைத்தார். "பாட்டுக்கு முன்னாடி இன்னாங்க இது, சின்னதா?"

"இருமல்ங்க."

"எங்க, போடுங்க."

"இருமலை எதுக்குங்க கேக்கணும்? வெட்டிடறேன்." ஒலித்துண்டின் ஓரத்தைப் பிடித்துச் சுருக்கினேன். அந்தச் சின்ன மேடு திரையிலிருந்து போய்விட்டது. ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் வந்தது. சகாதேவன் தலையாட்டி ரசித்தார்.

கீர்த்தனா வெளியே வந்தாள்.

"உன் இருமலை வெட்டிட்டாங்க" என்று சிரித்தார்.

"நான் இருமவே..." என்று ஆரம்பித்தவள் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கேட்டும் அழித்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், பயத்தையும் மீறி வாயைத் திறந்தேன்.

"வெட்டினா அழிஞ்சிடாதும்மா. உள்ள இருக்கும். இழுத்தா திரும்ப வந்துடும்."

சகாதேவனின் சிரிப்பு நின்றது. "அத எதுக்கு இழுக்கணும்?"

"இழுக்க மாட்டேங்க. சிடில பாட்டு மட்டும்தான் வரும்."

என்னையே பார்த்துக்கொண்டு சிடியை வாங்கினார். அவள் தலை குனிந்து வண்டியில் ஏறினாள். நான் சொன்னது அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் கதவைத் தாழிட்டு, ஓரத்தை இழுத்தேன். கிசுகிசுப்பு இருந்தது. இன்னொரு சிடி எழுதினேன். மகளிர் காவல் நிலையத்துக்கு ஆட்டோவில் போகிற வழியெல்லாம், பின்னால் வந்த ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் அவருடையதாகவே தெரிந்தது.

"பாட்டெல்லாம் கேக்க நேரமில்லம்மா" என்றார் அங்கிருந்த பெண் ஏட்டு.

"பாட்டு வேணாங்க. அதுக்கு முன்னாடி பத்து செகண்ட் மட்டும் கேளுங்க."

சிடி சுற்றியது. "அக்கா" என்றாள் கீர்த்தனா.

ஏட்டு எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். "முதல்லேர்ந்து போடு" என்றார்.