பச்சைப் பொட்டலம்

...மறுபடியும் செத்துவிட்டது, திரை கறுத்துவிட்டது, மேசைக்கடியில் கம்ப்யூட்டர் பெட்டி ஒரு முறை முனகி அடங்கிவிட்டது, இதற்குப் பெய்-ஷான் யார் சட்டையைப் பிடிப்பது, ஏசியை அணைத்தவர் சட்டையைத்தான், வேறு யாருடையதை. தைபேயின் ஜூலை மத்தியானம், ஜன்னல் கம்பியே சுடுகிறது, மாமனார் அறைக்குள் எட்டிப் பார்த்தார், ரிமோட்டை எடுத்தார், அழுத்தினார், அவ்வளவுதான். “ஏன் மாமா அணைக்கிறீங்க, கம்ப்யூட்டர் சூடாகுதுல்ல?” என்று கேட்டால், “நான் ஏசி இல்லாத பஸ்ஸை இத்தனை வருஷம் ஓட்டலையா? அது சும்மா உக்காந்துதானேம்மா இருக்கு, அதுக்கு என்ன வேர்க்குதா?” சும்மா உட்கார்ந்திருக்கிறதாம்! அவளும் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? கம்பெனி வேலையை விட்டு, சொந்தமாகப் பிடித்த முதல் வேலை, ஒரு வீட்டுக்குப் புதுச் சமையலறை எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் காட்டும் படம், சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அந்த வீட்டு அம்மாள் சொல்லியாயிற்று. படம் பாதி உருவாகும்போதே பெட்டி சூடேறிச் சாகிறது, இவருக்கு என்ன, செய்தித்தாள், தேநீர், குட்டித் தூக்கம்.

அவள் என்னதான் செய்யவில்லை? வேலையைத் தொடங்குமுன்பே பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றினாள், பிரஷ்ஷால் தூசியைத் தட்டினாள், சுவரிலிருந்து தள்ளி வைத்தாள், மேசை ஃபேனைத் தனக்கில்லாமல் அதன் பக்கம் திருப்பினாள், பிள்ளைக்குக்கூட இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ய மாட்டார்கள்... திரைக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டலம் வேறு. பேரே ‘சமர்த்தாக இரு’, சோளப்பொரி, மெஷின் மக்கர் பண்ணாமல் சமர்த்தாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை, தைவானில் எந்த ஆபீஸில்தான் கம்ப்யூட்டர் தலையில் அது இல்லை, பச்சைதான் வைக்க வேண்டும், பிரிக்கக் கூடாது, தேதி தாண்டக் கூடாது. தேதி... போன மாதமே தாண்டிவிட்டதே. அதனாலா? சீ, படித்தவள் நினைக்கிற நினைப்பா இது, ஏசி, ஏசிதான் காரணம், நேராகப் போய்க் கேட்டுவிட வேண்டும், இந்த வீட்டில் என் வேலை வேலையா இல்லையா என்று. அதற்கு முன் பெட்டியின் சூடு தணிந்ததா பார்க்கலாம் என்று மேசைக்கடியில் இருட்டில் கையை விட்டாள், உச்சியில், பின்பக்கம், சூடான காற்று வெளியேறும் சல்லடைமேல்... மொறமொறவென்று ஏதோ.

பொட்டலம். பெரிய அளவு, பளபளவென்று புதுசு, தேதி அடுத்த வருஷம் வரைக்கும். விழாமலிருக்க நாலு மூலையிலும் டேப், துளி காற்று வெளியே போக வழியில்லை. பேருந்தின் கண்ணாடிக்கடியில் சாமிப் படம் ஒட்டுகிற அதே ஒட்டு. மாமனார் இந்த வலிக்கிற முழங்காலோடு எப்படிக் குனிந்தார்? தூசி தட்டியபோது இது இல்லையே, எப்போது வாங்கி வந்தார்? அவர் பழைய தேதியைப் பார்த்திருக்கிறார், அவள் மாற்றாததைப் பார்த்திருக்கிறார், தானே புதுசு வாங்கி வைத்திருக்கிறார். டேப்பை உரித்தாள், பெட்டியை முடுக்கினாள், ஃபேன் சீராகச் சுழன்றது, திரையில் சமையலறை மெல்ல வந்தது. ஹாலிலிருந்து குரல்: “ஓடுதாம்மா?” “ஓடுது மாமா.” “ஓடும், ஓடும்,” என்றார், அந்தக் குரலில் என்ன ஒரு நிறைவு. ஏசி இன்னும் அணைந்துதான் கிடக்கிறது, முதுகெல்லாம் வேர்வை, ஆனால் ஆத்திரத்தோடு நாற்காலியை விட்டு எழக்கூட இந்த மனிதர் விடவில்லையே, இது என்ன அநியாயம்... சுடச்சுடப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள், நாளைக்குக் குனிந்து பார்ப்பாரே, அங்கே இல்லாவிட்டால் என்ன நினைப்பார்?