நுனியில் இல்லாத வைரஸ்

திரையில் அந்தப் படம் விழுந்ததும் அறிவுமதி நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். கறுப்புப் பின்னணியில் ஒரு செல். அதன் ஓரமெங்கும் பச்சைப் பச்சையாய் வால்கள். பதினோரு நாள் இருட்டறையில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து அவள் எடுத்த படம்.

“வைரஸுக்குக் காலும் கிடையாது, கையும் கிடையாது,” என்றார் பேராசிரியர் ராமகிருஷ்ணன். “செல் தன் உருவம் கலையாம இருக்க வெச்சிருக்கிற ஆக்டின் இழைங்களையே இது தனக்குக் கீழ வளர வெக்குது. அதுதான் இந்தப் பச்சை வால்; ஒவ்வொரு வால் நுனியிலயும் ஒரு வைரஸ் இருக்கும். வால் தள்ளுற வேகத்துலயே பக்கத்து செல்லுக்குப் போயிடுது. படம் எடுத்தது என் மாணவர் உமேஷ்.”

கைதட்டல் எழுந்தது. திருவண்ணாமலையின் அந்தத் தனியார் கல்லூரிக்குச் சென்னையிலிருந்து இவ்வளவு பெரிய ஆள் வந்ததில்லை. மூன்று வருடம் முன்பு, தொண்ணூற்றொன்பதில், அப்பா பலராமன் பக்கவாதத்தில் விழுந்தபோது ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு ஊர் திரும்பியவள் அறிவுமதி. இங்கே லேப் வகுப்பு எடுக்கிறாள். ‘உன் வேலை எங்கயும் போகாதும்மா, பத்திரமா இருக்கும்’ என்று வழியனுப்பியவர் இதே ராமகிருஷ்ணன்தான். பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது, உமேஷின் பெயரில். முன்வரிசையில் அவளுடைய மாணவிகள் அந்தப் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எழுந்து நின்றாள். “சார், மேல் மூலையில ஒரு வால் இருக்கு. அதோட நுனியில வைரஸ் இல்லியே, ஏன்?”

குரலை வைத்தே ஆளைக் கண்டுகொண்டார் போலும்; திரும்பாமல் திரையையே பார்த்தார். “சாயம் சரியா ஏறலம்மா.”

“சாயமெல்லாம் நல்லாத்தான் ஏறிச்சு சார். அந்த வைரஸ் செல்லுக்கு மேல எழும்பி நின்னுச்சு. ஃபோகஸை லேசா மாத்தி இன்னொரு படம் எடுத்தேன். அதுல நுனியிலயே தெரியும். அந்த நெகட்டிவ் உமேஷ்கிட்ட இருக்காது. என் வீட்ல இருக்கு.”

முதல்வர் மைக்கைப் பிடித்தார். “மேடம், உட்காருங்க. வந்தவங்க முன்னாடி என்னங்க இது?”

“உட்கார மாட்டேன் சார். எடுத்தது யாருன்னு அவரே சொல்லட்டும்.”

ராமகிருஷ்ணன் அப்போதுதான் திரையை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தார். தாம்பாளத்தில் பொன்னாடையோடு மேடையேறிக்கொண்டிருந்த ஆசிரியை பாதிப் படியில் நின்றுவிட்டாள். மின்விசிறிக் காற்றில் அதன் சரிகை ஓரம் எழும்பி எழும்பி விழுந்தது.